கற்பூரவல்லி எண்ணெய்: ஆய்வகக் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: இலையைப் பார்த்தால் எண்ணெய்ப் பசையே தெரியவில்லையே மேடம், எங்கே இருக்கிறது?

பதில்: இலைமேல் இருக்கும் நுண்ணிய சுரப்பி முடிகளில். கசக்கினால் அவை உடைந்து வாசனை வருகிறது. பச்சை இலையைக் காய்ச்சி வடித்தால் எடையில் ஒரு சதவீதம்கூடத் தேறாது.

கேள்வி: அது கிருமியை எப்படிக் கொல்கிறது?

பதில்: முக்கிய வேலை எண்ணெயிலுள்ள கார்வக்ரோல், தைமால் என்ற இரண்டு சேர்மங்களுடையது. இரண்டிலும் 10 கார்பன், 14 ஹைட்ரஜன், ஓர் ஆக்சிஜன். ஹைட்ராக்சில் (OH) தொகுதி உட்காரும் இடம்தான் வேறு. இவை பாக்டீரியாவின் சவ்வுக்குள் புகுந்து அதை ஓட்டையாக்கும். பொட்டாசியம் அயனி வெளியே கசியும், செல்லுக்கு ஆற்றல் தரும் ஏடிபி சரியும். சூடோமோனாஸ் ஏருஜினோசா என்ற பாக்டீரியாவிடம் மட்டும் இது எளிதில் பலிக்காது. அதற்கு வெளிச்சவ்வும் உண்டு, நுழைந்ததை வெளியே தள்ளும் பம்புகளும் உண்டு.

கேள்வி: முதுகலை ப்ராஜெக்ட் செய்கிறேன். அகார் தட்டில் எண்ணெயைச் சுற்றிக் கிருமி வளராத வளையம் ரொம்பச் சின்னதாக வந்தது. என் எண்ணெய்க்கு வீரியம் இல்லையா?

பதில்: வளையத்தை வைத்து அப்படி முடிவு கட்டாதீர்கள். அகார் பெரும்பாலும் தண்ணீர். எண்ணெய் அதில் பரவத் திணறும். பாதி ஆவியாகியும் போய்விடும். திரவ ஊடகத்தில் படிப்படியாக நீர்த்து, வளர்ச்சியைத் தடுக்கும் குறைந்தபட்சச் செறிவைப் பாருங்கள். எண்ணெயைத் தண்ணீரில் கலக்க ட்வீன் 80 என்ற பால்மமாக்கியைச் சேர்த்தால், ஒப்பிட ட்வீன் மட்டும் விட்ட குழி ஒன்றும் வேண்டும். அது இல்லாத ஆய்வேட்டை நான் கையில் வாங்கவே மாட்டேன். எண்ணெயில் எந்தச் சேர்மம் எவ்வளவு என்று காட்டும் ஜிசி-எம்எஸ் முடிவையும் சேருங்கள். செடியின் ரகம், பறித்த பருவம் மாறினால் சேர்மங்களின் விகிதமே மாறும். 'கற்பூரவல்லி எண்ணெய்' என்று மட்டும் எழுதினால் படிப்பவருக்கு ஒன்றும் புரியாது.

கேள்வி: ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும் திறனை அளக்கும் டிபிபிஹெச் சோதனையில், இலையின் மெத்தனால் சாறு எண்ணெயை முந்திவிட்டதே?

பதில்: முந்தத்தான் செய்யும். இலையிலுள்ள ரோஸ்மரினிக் அமிலம் போன்றவை ஆவியாகாது. எண்ணெய் வடிக்கும்போது குடுவையிலேயே தங்கிவிடும். மெத்தனால் அவற்றையும் இழுத்துவரும். எண்ணெயில் ஹைட்ரஜனைக் கொடுத்து டிபிபிஹெச்சின் ஊதா நிறத்தை மஞ்சளாக்குவது கார்வக்ரோல், தைமால் மாதிரி ஃபீனால்கள்தான். நிற அளவீடு 517 நானோமீட்டர் ஒளியில்தானே?

கேள்வி: அப்படியானால் சளிக்கு இரண்டு சொட்டு குடிக்கலாமா அக்கா?

பதில்: வேண்டாம்மா. கண்ணாடிக் குழியில் கிருமி அடங்கிய செறிவு ரத்தத்தில் எட்டும் என்று அர்த்தமில்லை. நீர்க்காத ஃபீனால் எண்ணெய் வாயையும் தொண்டையையும் எரிக்கும். குழந்தைகளுக்குப் பேச்சே இல்லை.

கேள்வி: மிச்ச எண்ணெயை எப்படி வைப்பது?

பதில்: பழுப்புக் கண்ணாடிப் புட்டியில், கழுத்துவரை நிரப்பி, குளிரில். மேலே காற்று நின்றால் எண்ணெயிலுள்ள டெர்பீன் சேர்மங்கள் ஆக்சிஜனேற்றமாகும். பழையதானால் தோல் ஒவ்வாமை வரலாம்.