கேள்வி-பதில்: எந்தக் கரை நண்டு, எந்தக் கரைச் சிப்பி?

கே: காரைக்குடியில் கடைக்குக் கடை ‘தொண்டி நண்டு’ என்றே விற்கிறார்கள். தூத்துக்குடி நண்டைவிட அது ருசி என்பது உண்மையா? (வாசகர், காரைக்குடி)

ப: இரண்டு பக்கமும் வருவது பெரும்பாலும் ஒரே நீலக்கால் நண்டுதான். தொண்டிக் கடல் பாக் விரிகுடா, ஆழம் குறைவு, கடல்புல் அதிகம். தூத்துக்குடி மன்னார் வளைகுடா, பவளப்பாறைக் கடல். என் நாக்குக்குத் தொண்டி நண்டில் இனிப்பு கொஞ்சம் தூக்கல். ஆனால் அதைப் பேச நண்டு முதலில் புதிதாக இருக்க வேண்டுமே. விடியற்காலையில் தொண்டியில் இறங்கியது திருவாடானை, தேவகோட்டை வழியாக மத்தியானக் குழம்புக்கே இங்கே வந்துவிடும். அதே தொண்டி நண்டு மூன்று நாள் ஐஸில் கிடந்தால், நேற்று இறங்கிய தூத்துக்குடி நண்டு எவ்வளவோ மேல். எந்த ஊர் என்பதைவிட, எப்போது கரைக்கு வந்தது என்று கேளுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை, நாட்டுப்படகு வலையில் விழுவது மட்டும்தான். மே மாதத்தில் மலையாகக் குவித்து வைத்து ‘காலையில் வந்த சரக்கு’ என்றால் நம்பாதீர்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ‘மிளகு, சோம்பு அரைச்சு ஊத்துங்க, ஒண்ணும் தெரியாது’ என்று சில கடைக்காரர்கள் சொல்கிறார்களே, அதைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. கெட்டுப்போனதை மறைப்பதற்கா நம் ஆச்சிமார் அம்மியில் மசாலா அரைத்தார்கள்? நல்ல நண்டுக்குப் போட்ட மசாலா அது. அதைச் சாக்காக வைத்து இந்த ஊரிலேயே பழைய சரக்கைத் தள்ளுகிறார்கள், நாமும் வாங்கிக்கொண்டு வருகிறோம். வாங்கியதில் ஒரே ஒரு நண்டை மஞ்சளும் உப்பும் மட்டும் போட்டு அவித்துத் தின்று பாருங்கள். நல்லதென்றால் காலை உடைத்ததும் சதை முழுசாகக் கழன்று வரும், நார் நாராகப் பிரியும், இனிக்கும். பழையது மாவு மாதிரி ஓட்டிலேயே ஒட்டிக்கொள்ளும், அமோனியா வாடை மூக்கில் ஏறும். அந்தக் கடைக்கு மறுபடி போவதா வேண்டாமா என்பது அப்போதே தெரிந்துவிடும்.

கே: பௌர்ணமி நண்டில் சதை இருக்காதாமே? (ஆத்தங்குடி)

ப: நிலா எதுவாக இருந்தாலும் நண்டைத் திருப்பிப் போட்டு அடிப்பக்கம் கட்டைவிரலால் அழுத்துங்கள். அமுங்கினால் இப்போதுதான் ஓடு மாற்றியது, உள்ளே தண்ணீர்தான். அதை வைத்துவிட்டு அடுத்ததை எடுங்கள்.

கே: முத்துப்பேட்டைச் சேற்று நண்டு என்று 2 கிலோ வாங்கினேன். கட்டை அவிழ்த்தால் எடை குறைகிறது. இரண்டு செத்தும் கிடந்தன. (ஓர் ஆச்சி, பள்ளத்தூர்)

ப: ஆச்சி, உங்களை நன்றாக ஏமாற்றியிருக்கிறார்கள். எனக்கும் ஒருமுறை ஈரச் சணல் கயிறும் அதில் அப்பிய சேறுமாகக் கட்டித் தந்தார்கள், சேற்றுக்கும் நண்டு விலைதான் கொடுத்தேன். கடல் நண்டு தண்ணீரை விட்டு எடுத்த கொஞ்ச நேரத்தில் செத்துவிடும், ஐஸில் இருப்பதை வாங்கலாம். சேற்று நண்டு அப்படியில்லை, ஈரமாக வைத்தால் நாள்கணக்கில் உயிரோடு இருக்கும். அதனால் செத்ததை இனாமாகக் கொடுத்தாலும் தொடாதீர்கள். அதே அளவு கயிறு ஒன்றைத் தனியாக எடை போட்டுக் கழிக்கச் சொல்லுங்கள். முடியாது என்றால் தராசில் முத்திரை இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, தொழிலாளர் துறையின் முத்திரை ஆய்வாளருக்கு ஒரு மனு போடுங்கள்.

கே: கொல்லத்தில் சாப்பிட்ட அஷ்டமுடிக் காயல் சிப்பியில் உப்பே இல்லை, தூத்துக்குடிச் சிப்பி கரித்தது. எது நல்ல சரக்கு? பச்சையாகச் சாப்பிடலாமா? (தேவகோட்டை)

ப: இரண்டும் நல்ல சரக்குதான், தண்ணீர்தான் வேறு. காயலில் ஆற்றுநீர் கலக்கிறது, மழைக்காலத்தில் உப்பு இன்னும் இறங்கும், சிப்பியும் சாதுவாக இருக்கும். தூத்துக்குடிப் பக்கம் கழிமுகத்தில் வெயில் காலத்தில் உப்பு ஏறி நிற்கும். மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் 1970களிலேயே சிப்பி வளர்த்துப் பார்த்த கரை அது. ஒப்பிட்டுப் பார்க்க ஆசையென்றால் ஒரே பருவத்தில் இரண்டையும் வாங்கி, ஒரே பாத்திரத்தில் ஆவியில் வேக வைத்து, எலுமிச்சைகூடப் பிழியாமல் தின்னுங்கள். முட்டையிட்டு முடித்த சிப்பி எந்த ஊராக இருந்தாலும் மெலிந்து நீர்த்துப் போயிருக்கும். நல்ல பருவத்தில் பால் நிறத்தில் பருத்து ஓட்டை நிறைத்துக் கிடக்கும். அதனால் ஊரைக் குறை சொல்லும் முன் பருவத்தைப் பாருங்கள்.

பச்சையாக வேண்டவே வேண்டாம். சிப்பி தண்ணீரை வடிகட்டித்தான் உயிர் வாழ்கிறது, அந்தத் தண்ணீரில் உள்ள கிருமியும் அதற்குள்தான் சேரும். வாய் திறந்து கிடப்பதைத் தட்டிப் பாருங்கள், மூடாவிட்டால் செத்தது.

கே: ‘மன்னார் வளைகுடா முத்துச் சிப்பி, திறந்தால் முத்து நிச்சயம்’ என்று இணையத்தில் பார்த்து வாங்கினேன். முத்தில் சாயம் போகிறது. (கானாடுகாத்தான்)

ப: அந்தக் கடலில் கடைசியாக முத்துக்குளிப்பு நடந்தது 1961. பணம் அனுப்பும் முன் யாரையாவது கேட்டிருக்கக் கூடாதா? சாயம் ஏற்றிய முத்தை உள்ளே வைத்து மூடி அனுப்பியிருக்கிறார்கள். விளம்பரப் படம் இருந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசுங்கள்.

கே: புதுவயலில் சின்னதாக மெஸ் நடத்துகிறேன். 10 கிலோ நண்டுக்கு முழுப் பணமும் யுபிஐயில் அனுப்பினேன். வந்ததில் பாதி உடைந்த கால், மீதி நாறியது. இப்போது போனையே எடுப்பதில்லை. தொழிலுக்கு வாங்கியதால் புகார் செல்லாது என்கிறார்கள்.

ப: செல்லும் அம்மா, தைரியமாக இருங்கள். பிழைப்புக்காகச் சொந்த உழைப்பில் நடத்தும் தொழிலுக்கு வாங்குபவரும் நுகர்வோர்தான் என்று 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமே சொல்கிறது. சிவகங்கை மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை, இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். பணம் போன ரசீது, வாட்ஸ்அப் பேச்சு, நண்டின் படம் எதையும் அழிக்காதீர்கள். முதலில் 15 நாள் கெடு வைத்துத் தபாலில் ஒரு நோட்டீஸ் அனுப்புங்கள். எழுத வராவிட்டால் விவரத்தை எனக்கு அனுப்புங்கள், நான் எழுதித் தருகிறேன். அப்புறம், இனிமேல் யாருக்கும் முழுப் பணத்தை முன்னால் கொடுக்காதீர்கள். பாதி போதும், மீதி பெட்டியைத் திறந்து பார்த்த பிறகு.

கே: இறால் தலையோடு வாங்குவதா, உரித்ததா? (கண்டனூர்)

ப: தலையோடு. முதலில் கருப்பது தலைதான், உரித்ததில் அது தெரியாது.