மாளிகையில் தங்க 8,000 ரூபாய் கொடுக்கலாமா?

கேள்வி: அப்பாவுக்குத் தை மாதம் அறுபது நிறைகிறது. திருக்கடையூரில் மணிவிழா முடிந்த கையோடு, காரைக்குடிப் பக்கம் ஹோட்டலாக மாற்றிய ஒரு பழைய நகரத்தார் வீட்டில் அம்மா அப்பாவை இரண்டு இரவு தங்கவைக்க ஆசை. ஓர் இரவுக்கு 8,000 ரூபாய், வரி தனி. முழுப் பணமும் முன்கூட்டியே கட்டவேண்டுமாம். வேண்டாம் என்றால் திரும்பக் கிடைக்காதாம். அம்மாவுக்கு மூட்டுவலி. வேலூரில் இதில் கால்வாசிக்கு ஏசி அறை கிடைக்கிறதே என்கிறார் கணவர்.
- ஒரு வாசகி, குடியாத்தம்

பதில்: கணவரின் கணக்கு சரிதான், பொருள்தான் வேறு. வேலூர் காந்தி ரோட்டிலும் பாபு ராவ் தெருவிலும் அறை எடுப்பது சிஎம்சி மருத்துவமனைக்கு வந்தவர்கள் படுத்தெழுவதற்கு. செட்டிநாட்டில் வீட்டுக்கே காசு: பர்மா தேக்குத் தூண், ஆத்தங்குடித் தரை, முட்டை வெள்ளைக்கரு சேர்த்துப் பூசி இன்னும் வழவழக்கிற சுவர்.

ஆனால் லாட்ஜில் கேட்பதை இங்கேயும் கேளுங்கள். லிஃப்ட் உண்டா, வெந்நீர் எத்தனை மணிக்கு, கழிப்பறை எப்படி? 700 ரூபாய் அறைக்குக் கூசாமல் கேட்கிற நாம், 8,000 ரூபாய் அறை என்றால் வாயைத் திறப்பதில்லை. அந்த வீடுகளில் வளவை, அதாவது உள்முற்றத்தை, சுற்றியிருக்கும் அறைகள் ஒவ்வொரு புள்ளிக்கும் (மணமான ஒவ்வொரு மகன் குடும்பத்துக்கும்) சாமான் வைக்கப் பிரித்தவை, சிறியவை. அதனால் பெரிய அறைகளைப் பல இடங்களில் மாடியில்தான் போட்டிருப்பார்கள். நாங்கள் தங்கிய ஒரு வீட்டில் மாடிப்படி ஒவ்வொன்றும் ஒரு சாணுக்கு மேல் உயரம், கைப்பிடியும் கிடையாது. மாமியார் காலைக் காபிக்கு ஒரு கையால் சுவரையும் மறு கையால் என் தோளையும் பிடித்துக்கொண்டு இறங்கினார். மாலைக் காபியை மேலேயே வரவழைத்துவிட்டார். தாண்டிப் போகவேண்டிய நிலைப்படிகள் வேறு.

ஆகவே "தரைத்தளம், பழைய வீட்டுக்குள்ளேயே உள்ள அறை" என்று அறையின் பெயரோடு வாட்ஸ்அப்பிலோ மெயிலிலோ எழுதி வாங்குங்கள். பின்பக்கத் தோட்டத்தில் புதுக்கட்டடம் எழுப்பி, முன்பக்க வீட்டின் படத்தைப் போட்டு விற்பவர்களும் உண்டு. 'ஹெரிடேஜ்' என்ற சொல்லை மட்டும் நம்பவேண்டாம், அதை யார் வேண்டுமானாலும் போர்டில் எழுதிக்கொள்ளலாம். மத்திய சுற்றுலா அமைச்சகம் 1950க்கு முன் கட்டிய கட்டடங்களுக்கு பேசிக், கிளாசிக், கிராண்ட் என்று தரம் தருகிறது. வாங்கியே ஆகவேண்டும் என்ற கட்டாயம் இல்லை; இருந்தால் சான்றிதழைக் காட்டுவார்கள்.

அப்புறம் வரி. இதில் பேரம் பேச இடம் இருக்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல் ஓர் அறைக்கு ஒரு நாள் வாடகை 7,500 ரூபாய் வரை ஜிஎஸ்டி 5 சதவீதம். அதைத் தாண்டினால் 18. உங்கள் 8,000 ரூபாய் அறை வரியோடு 9,440. அதையே 7,500க்குத் தந்தால் 7,875. ஹோட்டல் விட்டுக்கொடுப்பது 500, உங்களுக்கு மிச்சம் 1,565. போர்டு விலையை விட்டு, உண்மையில் வாங்கும் தொகைக்குத்தான் வரி என்பதால் தாராளமாகக் கேளுங்கள். கூடுதல் கட்டில் போட்டால் கணக்கு மாறுமா என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள். இந்த மாதிரி ஹோட்டல்களில் சாப்பாட்டு பில்லிலும் 5க்குப் பதில் 18 சதவீதம் வரக்கூடும்.

திரும்பக் கிடைக்காத முன்பணம் வேண்டவே வேண்டாம். பெரியவர்களை வைத்துப் போடும் திட்டம் எப்போது வேண்டுமானாலும் தள்ளிப்போகும். அதே அறைக்கே கொஞ்சம் கூடுதலாக, ரத்து செய்தால் பணம் திரும்பும் விலை ஒன்று பெரும்பாலும் இருக்கும். அதைக் கேட்டு வாங்குங்கள்.

நானாக இருந்தால் ஓர் இரவுதான் எடுப்பேன். மதியமே போய்ச் சேர்ந்து, வளவில் வெயில் நகர்வதைப் பார்த்து, மறுநாள் காலை இட்லி முடித்துக் கிளம்பினால் போதும்.

கேள்வி: போன மாதம் இப்படி ஒரு மாளிகை ஹோட்டலில் தங்கினோம். பதிவு செய்தது மரத்தூண் முற்றத்து அறை, கொடுத்தது பின்னால் இருந்த புது பிளாக்கில். பில்லில் 10 சதவீதம் சர்வீஸ் சார்ஜ். சாப்பாட்டுக் கூடத்தில் பல்லி வேறு. நஷ்டஈடு கேட்கலாமா?
- ஒரு வாசகர், காட்பாடி

பதில்: பல்லியை விட்டுவிடுங்கள், நூறு வருஷத்து வீட்டில் அது நமக்கு முன்பே குடியேறியது. அறையை மாற்றிக் கொடுத்தது சேவைக் குறைபாடு. சர்வீஸ் சார்ஜை நம்மைக் கேட்காமல் பில்லில் சேர்க்கக்கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் சொன்னது. 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது.

முதலில் ஹோட்டலுக்கு எழுதுங்கள். பதில் வராவிட்டால் 1915 உதவி எண். அதிலும் நடக்கவில்லை என்றால் வேலூர் மாவட்ட நுகர்வோர் ஆணையம். ஹோட்டல் எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம் என்று 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது. கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்பதால் கட்டணம் இல்லை, இரண்டு வருஷ அவகாசமும் உண்டு. ஆனால் நீங்கள் பதிவு செய்த பக்கத்தின் படம் மாறுவதற்குள் இன்றைக்கே ஸ்கிரீன்ஷாட் எடுத்து, பில்லோடு சேர்த்து வையுங்கள்.