வேலை போன மறுநாள் – ஒரு கடிதமும் பதிலும்

வணக்கம் ஐயா,

எனக்கு வயது 29. கோவையில் உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் வடிவமைப்புப் பொறியாளராக இருக்கிறேன். மனைவியும் இரண்டு வயது மகளும் உண்டு. துபாயிலிருந்து ஒன்றும் ஜெர்மனியின் ஷ்டுட்கார்ட்டிலிருந்து ஒன்றுமாக இரண்டு வேலைகள் வந்திருக்கின்றன. கையில் நிற்கும் தொகை துபாயில்தான் அதிகம். நீங்கள் அமீரகம், சிங்கப்பூர், ஜெர்மனி என்று மூன்று நாடுகளில் இருபது ஆண்டுகளாக வாழ்ந்து வருகிறீர்கள். சிங்கப்பூரைப் பற்றி எழுதும்போதெல்லாம் வாஞ்சையோடு எழுதுகிறீர்கள், இருப்பதோ ஜெர்மனியில். மூன்றையும் நேருக்கு நேர் ஒப்பிட்டு நீங்கள் எழுதியதே இல்லை. எது வாழத் தகுந்த நாடு என்று வெளிப்படையாகச் சொல்ல முடியுமா?

(பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட கோவை வாசகர்)

அன்புள்ள நண்பருக்கு,

ஒப்பிட்டு எழுதாமல் இருந்ததற்குக் காரணம் உண்டு. 2005இல் துபாய்க்குப் போனபோது எனக்கு வயது 24. அங்கே தேரா என்ற பகுதியில், ஆறு பேர் படுத்த அறையில் பெட் ஸ்பேஸ் (ஒரு கட்டிலுக்கு மட்டும் வாடகை) எடுத்துத் தங்கினேன். சிங்கப்பூருக்குப் போனபோது புதிதாக மணமானவன். ஜெர்மனிக்கு வந்தபோது 36 வயதும், பள்ளியில் சேர்க்கவேண்டிய மகளும். துபாய் மூச்சுமுட்டும் ஊர் என்று நான் சொன்னால், அது அந்த ஊரின் குணமா, வீட்டுக்குக் கூடுதலாக அனுப்பவேண்டும் என்று நானே தேடிப்பிடித்த அந்த அறையின் குணமா என்பதை என்னாலேயே பிரித்துச் சொல்ல இயலாது.

ஆகவே சம்பளம், பள்ளி, மருத்துவம் என்று கூறுபோடாமல், எனக்கு நேர்ந்ததை வைத்து ஒரே ஒரு கேள்வியை மூன்று நாடுகளிடமும் கேட்கிறேன்: வேலை போன மறுநாள் அங்கே நான் யார்?

துபாயில் எனக்கு அது 2009இல் தெரிந்தது. கட்டுமானப் பணிகள் ஒவ்வொன்றாக நின்றுகொண்டிருந்த காலம். விசாவை ரத்துசெய்த நாளிலிருந்து முப்பது நாள் அவகாசம். அதற்குள் வேறு வேலை தேடவேண்டும், இல்லையேல் ஊரைவிட்டுப் போகவேண்டும். குளிர்சாதனப் பெட்டியைக் கட்டடக் காவலாளி 150 திர்ஹத்துக்கு எடுத்துக்கொண்டார். உள்ளே பாதிப் புட்டி எலுமிச்சை ஊறுகாய் இருந்ததை அவர் லிஃப்டில் ஏற்றும்போதுதான் கவனித்தேன், கேட்க வெட்கமாக இருந்தது. கிராஜுவிட்டி (வேலையிலிருந்து விலகும்போது தரும் பணிக்கொடை) என்று கைக்கு வந்தது நான் மனக்கணக்குப் போட்டு வைத்திருந்ததில் பாதிகூட இல்லை. முதல் ஐந்தாண்டுகளுக்கு ஆண்டுக்கு 21 நாள் ஊதியம் என்பது சட்டம். ஆனால் அது அடிப்படைச் சம்பளத்தின் மீதான கணக்கு. எனக்கோ அடிப்படையைக் குறைத்து, வீட்டுப்படி, பயணப்படி என்று மற்றதை நிரப்பியிருந்தார்கள். இந்த அனுபவத்தை இன்றைய துபாய் மீது அப்படியே ஏற்றிச் சொல்வது நியாயமல்ல. விசா வகையைப் பொறுத்து அந்த அவகாசம் இப்போது கூடியிருக்கிறது. 2023 முதல் வேலையிழப்புக் காப்பீடும் கட்டாயமாகியிருக்கிறது. ஆனால் அதுவும் அடிப்படைச் சம்பளத்தில் 60 விழுக்காடுதான், அதிகபட்சம் மூன்று மாதங்களுக்கு.

சிங்கப்பூரின் மீது எனக்கிருக்கும் வாஞ்சையை மறைக்கவில்லை. ரயில் நிலையப் பலகையில் தமிழ், மகளுக்குப் பள்ளியில் தமிழ்ப் பாடம், தீபாவளிக்குப் பொதுவிடுமுறை. வேற்று நாட்டில் ஒருவனுக்கு இதைவிட என்ன வேண்டும் என்று ஏழு ஆண்டுகள் நினைத்தேன். ஆனால் ஞாயிறு மாலைகளில் லிட்டில் இந்தியாவிலுள்ள தேக்காவுக்கு மளிகை வாங்கப் போகும்போது, புல்தரையில் கூட்டம் கூட்டமாக உட்கார்ந்து கைப்பேசியில் குழந்தைகளின் முகம் பார்த்துக்கொண்டிருக்கும் வொர்க் பர்மிட் தொழிலாளர்களைக் கடந்துதான் போகவேண்டும். அவர்களில் பலர் புதுக்கோட்டையும் சிவகங்கையும் பேசுகிறவர்கள். பர்மிட்டில் வந்தவர் குடும்பத்தை அழைத்துவர முடியாது. வேறு பாஸில், அதாவது வேறு வகை வேலை அனுமதியில், இருப்பவரும் இன்றைய விதிப்படி மாதம் 6,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) சம்பளம் இருந்தால்தான் மனைவி மக்களைக் கொண்டுவர முடியும். அன்றைய கோட்டுக்கு மேலே நான் இருந்ததால் என் மகள் என் விரலைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். ஆனாலும் வேலை போனால் எனக்கும் பாஸ் போய்விடும். மத்திய சேம நிதி என்ற கட்டாயச் சேமிப்பு குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் உரியது. பாஸில் இருந்த எனக்கு அதிலும் இடமில்லை.

ஜெர்மனியில் வேலை போனது 2020இல். ஒப்பந்தப்படி மூன்று மாத அறிவிப்பு. அதன்பின், குழந்தையுள்ளவர் என்பதால், நிகரச் சம்பளத்தில் 67 விழுக்காடு உதவித்தொகை. இரண்டு ஆண்டுகளுக்கு மேல் காப்பீட்டுச் சந்தா கட்டியிருந்ததால் ஓராண்டு வரை அதற்கு உரிமை இருந்தது. கடிதம் வந்த அன்று என் மனைவி பரணில் இருந்த பெட்டிகளை இறக்கவில்லை. துபாயையும் ஜெர்மனியையும் ஒப்பிடு என்று யாராவது கேட்டால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அதுதான்.

ஆனால் இதை இனாமாகக் கொடுத்துவிடவில்லை. வரிக்கும் சமூகக் காப்பீட்டுக்குமாக மாதந்தோறும் என் சம்பளத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு போய்க்கொண்டிருந்தது. அதைவிடப் பெரிய விலை மொழி. முதல் ஆண்டு ஓர் இரவில் மகளுக்குக் காதுவலி; நேரங்கெட்ட நேரத்து மருத்துவ உதவிக்கான 116117 என்ற எண்ணை அழைக்குமுன், சொல்லவேண்டியதை ஜெர்மனில் ஒரு தாளில் எழுதி இரண்டு முறை படித்துப் பார்த்தேன். மறுமுனையில் கேட்கப்பட்ட முதல் கேள்வியே அந்தத் தாளில் இல்லை. துபாயிலும் சிங்கப்பூரிலும் நான் ஒருநாளும் இப்படி ஊமையாக நின்றதில்லை. அந்த இரவுக்குப் பிறகுதான் மாலை வகுப்பில் சேர்ந்து பி1 என்ற இடைநிலை ஜெர்மன் மொழித் தேர்வு எழுதினேன். அந்தச் சான்றிதழ் இருந்தால் புளூ கார்டு என்ற வேலை அனுமதியில் வந்தவருக்கு 21 மாதங்களில் நிரந்தர வதிவிட அனுமதி கிடைக்கும். வேலை போனபோது எனக்கு அது கிடைத்திருந்தது. அதற்கு முன்பே போயிருந்தால் வேலைதேடச் சில மாதங்கள்தான் அவகாசம், பெட்டிகளும் இறங்கியிருக்கும்.

குடியுரிமை பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் பின்னால் அது வந்து நிற்கும். 2024 ஜூன் முதல் ஜெர்மனியில் ஐந்தாண்டுகளில் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கலாம், பழைய குடியுரிமையைக் கைவிடவேண்டும் என்று அவர்கள் கேட்பதில்லை. நம் நாடுதான் இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. ஜெர்மன் குடியுரிமை வாங்கினால் இந்தியக் குடியுரிமை போய்விடும்; பதிலுக்கு வெளிநாடுவாழ் இந்தியக் குடிமகன் (ஓசிஐ) அட்டை வாங்கிக்கொள்ளலாம். வாக்குரிமை போகும், வாரிசாக வருவதைத் தவிர விவசாய நிலமும் வாங்க முடியாது. பொள்ளாச்சிப் பக்கம் ஒரு தென்னந்தோப்பு என்ற கனவு உங்களுக்கு இருக்குமானால் இப்போதே கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். என் விண்ணப்பம் பாதி நிரப்பியபடி மேசை இழுப்பறையில் கிடக்கிறது.

துபாய் நிறுவனத்தின் கடிதத்தில் மொத்தத் தொகையைப் பார்த்திருப்பீர்கள். அதில் அடிப்படைச் சம்பளம் எவ்வளவு என்ற வரியையும், ஷ்டுட்கார்ட் வேலைக்கு உங்கள் மனைவி ஜெர்மன் படிக்க மனதார விரும்புகிறாரா என்பதையும் எழுதுங்கள். இவை இரண்டும் தெரியாமல் எந்த நாட்டின் பெயரையும் நான் சொல்லப்போவதில்லை.