அன்றாடம் திடீரென்று குலைந்தால் பதறாமல், நம்மை நம்பி நிற்பது எப்படி?

பதற்றமே வராமல் இருக்காது. திட்டம் குலைந்ததும் அட்ரினலின் என்ற ஹார்மோன் சுரக்கிறது, இதயம் படபடக்கிறது. அப்போது நிதானமாக யோசிப்பது கடினம். அதனால் முதல் சில நிமிடங்களில் பெரிய முடிவு எதுவும் வேண்டாம். மூச்சை இழுப்பதைவிட நீளமாக, மெதுவாக வெளியே விடுங்கள். மூளையிலிருந்து இதயத்துக்குச் செல்லும் வேகஸ் நரம்பு வழியாக இதயத்துடிப்பு தணியும்.

அப்புறம், இன்று கட்டாயம் நடக்க வேண்டியது எது என்று மட்டும் பாருங்கள்.

நம்பிக்கை விஷயம் வேறு. 'என்னால் முடியும்' என்று கண்ணாடி முன் சொல்லிக்கொள்வதில் எனக்குப் பெரிய பிடிப்பு இல்லை. நாமே செய்து முடித்த அனுபவம்தான் தன்னம்பிக்கைக்கு வலுவான ஊற்று என்று உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா 1977-இல் விளக்கினார். எனவே முன்பு எந்தச் சிக்கலை எப்படிச் சமாளித்தீர்கள் என்று எழுதிப் பாருங்கள். ஒன்றும் நினைவுக்கு வரவில்லையா? சரி, இப்போதே முடிக்கக்கூடிய ஒரு சின்ன வேலையில் கை வையுங்கள்.