சாப்பாட்டு மேஜையில் இடம் கிடைக்கவில்லையா?

முதியோர் குடியிருப்புக்குக் குடிவந்து மூன்று வாரமாகியும் சாப்பாட்டுக் கூடத்தில் தனியாகவே உட்காருகிறேன், எல்லா மேஜையிலும் பழைய கூட்டம் என்று எழுதியிருந்தீர்கள் சார். எனக்கும் அப்படித்தான் இருந்தது. மேஜையை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். கடைசியாகத் திறக்கும் கதவு அதுதான். பொழுதுபோக்கைவிட ஏதாவது வேலையைக் கேட்டு வாங்குங்கள். நான் நூலக அலமாரியை அடுக்கப் போனேன். புத்தகம் தேடி வந்தவர்கள் தாங்களாகவே பேச்சுக் கொடுத்தார்கள்.

அப்புறம் காலை உடற்பயிற்சி வகுப்பு. 65 வயதைத் தாண்டியவர்களுக்கு வாரம் குறைந்தது 150 நிமிடம் மிதமான உடற்பயிற்சி, அதோடு 3 நாளாவது சமநிலைப் பயிற்சி வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். தினமும் ஒரே இடத்தில் நில்லுங்கள், பக்கத்தில் நிற்பவர் பழகிவிடுவார். சீட்டாட்டக் குழுவில் மட்டும் முதல் மாதமே சேராதீர்கள். தோற்றாலும் வம்பு, ஜெயித்தாலும் வம்பு!