பள்ளிச் சுவருக்கு வெளியே சூழல் வகுப்பு: குமரி மாவட்ட ஆசிரியர்களுக்கான கேள்வி பதில்

குமரி மாவட்டப் பள்ளிக் குழந்தைகளைக் குளக்கரைக்கும் ஆற்றங்கரைக்கும் கடற்கரைக்கும் அழைத்துச் சென்று நடத்தும் சூழல் வகுப்புகளை நெடுங்காலமாக ஒருங்கிணைத்து வரும் ஒருவர், தேசிய பசுமைப் படை எனும் பள்ளிச் சூழல் மன்றங்களின் பொறுப்பாசிரியர்களும் பெற்றோரும் கேட்ட கேள்விகளுக்கு அளித்த பதில்கள்.

தக்கலை, நடுநிலைப் பள்ளி ஆசிரியை: முதன்முறையாகச் சூழல் பயணம் ஒன்றைத் திட்டமிடுகிறோம். பேச்சிப்பாறை, மாத்தூர் தொட்டிப்பாலம், திற்பரப்பு, கன்னியாகுமரி ஆகிய நான்கு இடங்களையும் ஒரே நாளில் முடித்துவிட இயலுமா?

முடித்துவிடலாம். ஆனால் அதற்குச் சுற்றுலா என்றே பெயரிட்டு அனுமதி பெறுங்கள். குழந்தைகள் அன்று பெரும்பாலான நேரத்தைப் பேருந்தின் சன்னலோரத்தில்தான் கழிப்பார்கள். சூழல் வகுப்பு என்றால் ஒரு நாளுக்கு ஓர் இடம் போதும், அந்த இடத்துக்கு ஒரு கேள்வியும் போதும்.

மாத்தூரை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். 1966இல் கட்டி முடிக்கப்பட்ட அந்தத் தொட்டிப்பாலம் பட்டணங்கால்வாயின் நீரைப் பறளியாற்றுக்கு மேலே, ஒரு குன்றிலிருந்து எதிர்க்குன்றுக்கு, நூறு அடிக்கும் மேலான உயரத்தில் கொண்டு செல்கிறது. கீழே ஓர் ஆறே ஓடிக்கொண்டிருக்கும்போது மேலே எதற்காக இன்னொரு நீரோட்டம் என்று கேட்டுவிட்டு, பதிலைச் சொல்லாமல் அரை மணி நேரம் குழந்தைகளை வாதாட விடுங்கள். நிலத்தின் சரிவு, பள்ளத்திலுள்ள ஆற்றுநீர் மேட்டுநிலத்துக்குத் தானாக ஏறாது என்பது, அணையிலிருந்து வயல்வரை நீர் கடக்கும் தொலைவு எல்லாம் அந்த ஒரு கேள்விக்குள் அடங்கியிருக்கின்றன. இன்னொன்றும் சொல்ல வேண்டும்: உங்கள் பகுதியிலேயே பத்மநாபபுரம் புத்தனாறு சானல் ஓடுகிறது. மாத்தூருக்குப் போவதற்கு முந்தைய வாரம் அந்தச் சானல் கரையில் ஒரு பாடவேளை நடந்துவிட்டு வாருங்கள். வீட்டருகே ஓடும் நீர் எங்கிருந்து வருகிறது என்று யோசித்த குழந்தை, தொட்டிப்பாலத்தை வேறு கண்ணோடு பார்க்கும்.

நாகர்கோவில், உயர்நிலைப் பள்ளி ஆசிரியர்: தேரூர், சுசீந்திரம் குளங்களுக்கு எந்த மாதத்தில், எத்தனை மாணவர்களுடன் செல்வது நல்லது? பறவைகளின் பெயர் எனக்கே அதிகம் தெரியாது.

சுசீந்திரம்–தேரூர் ஈரநிலத் தொகுதி 2022ஆம் ஆண்டு, பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் பட்டியலான ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது. மத்திய ஆசிய வலசைப் பாதையில் தெற்கே வரும் நீர்ப்பறவைகளுக்கு நிலம் முடியும் இடத்தில் அமைந்த தங்குமிடம் அது. டிசம்பர் முதல் பிப்ரவரி வரை மிகவும் ஏற்ற காலம். அரையாண்டுத் தேர்வு முடிந்து பள்ளி திறந்தபின் வரும் ஜனவரி வாரங்கள் ஆசிரியர்களுக்கும் வசதியாக இருக்கும்.

காலை ஆறரை மணிக்குக் கரையில் இருக்க வேண்டும். ஒன்பது மணிக்கு முடித்துவிட வேண்டும். சூரியன் முதுகுப்புறம் இருக்குமாறு கிழக்குக் கரையில் நில்லுங்கள், இல்லையெனில் எல்லாப் பறவைகளும் கரிய நிழலாகவே தெரியும். நாற்பது பேருக்கு மேல் வேண்டாம். அவர்களையும் பத்துப் பத்துப் பேராகப் பிரித்து, ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு பெரியவரை நியமித்து, குழுக்களுக்கு இடையே நூறடி இடைவெளி விடுங்கள். இருநோக்கி வாங்குவதாயின் எட்டு மடங்கு பெரிதாக்கும் வகையே குழந்தைகளின் கைக்கு ஏற்றது. அதைவிட அதிகம் பெரிதாக்குபவை கை நடுக்கத்தில் படத்தை ஆட்டிவிடும். குழுவுக்கு ஒன்றிரண்டு இருந்தால் போதும்.

பெயர் தெரியாதது ஒரு குறையே அல்ல. பெயரைச் சொன்ன மறுகணமே குழந்தை பார்ப்பதை நிறுத்திவிடுவதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். முதல் அரை மணி நேரம் பெயரே வேண்டாம். யார் எந்த ஆழத்தில் நிற்கிறார், அலகு எப்படி இருக்கிறது, இரையை எப்படிப் பிடிக்கிறார் என்ற மூன்றை மட்டும் குறிக்கச் சொல்லுங்கள். கரண்டிவாயன் அலகைப் பக்கவாட்டில் வீசித் துழாவும். மஞ்சள் மூக்கு நாரை அலகைப் பாதி திறந்து நீருக்குள் வைத்துக் காத்திருக்கும். கூழைக்கடா நீந்தியபடியே தாடைப்பையால் மீனை அள்ளும். நீர்க்காகம் மூழ்கிப் பிடிக்கும். இலைக்கோழி நீண்ட விரல்களால் தாமரை இலைமேல் நடக்கும். குளத்தில் நீர் நிரம்பி ஆழம் கூடிய வாரத்தில் நாரைகள் குறைந்து மூழ்கும் பறவைகள் கூடுவதை, இரண்டாம் முறை வரும்போது குழந்தைகளே கண்டுபிடிப்பார்கள். எனவே தேரூருக்கு ஒரு முறை, மணக்குடிக் கழிமுகத்துக்கு ஒரு முறை என்று போவதைவிட தேரூருக்கே இரு முறை போவதை நான் பரிந்துரைக்கிறேன். இது குறித்து என்னோடு மாறுபடும் ஆசிரியர்கள் உண்டு. இருந்தாலும் என் கருத்து இதுவே.

செல்லும் முன் குளத்தைத் தாமரைக்கோ மீனுக்கோ குத்தகை எடுத்தவரையும், அருகிலுள்ள ஏலாவில், அதாவது வயல்வெளியில், பயிர் செய்பவர்களையும் நேரில் சந்தித்துச் சொல்லிவிடுங்கள். கும்பப்பூ எனும் இரண்டாம் போக நெல் கதிர் முற்றும் காலம் அது. வரப்பில் நாற்பது பேர் நடந்தால் அவர்கள் சினம் கொள்வது நியாயமே. குத்தகைதாரர் இசைந்தால் அவரையே பத்து நிமிடம் பேச வையுங்கள். தாமரை முழுக்க மூடிய குளத்தில் திறந்த நீர் தேவைப்படும் பறவைகளுக்கு இடம் குறையும், ஆனால் அந்தப் பூவில்தான் ஒரு குடும்பத்தின் பிழைப்பும் இருக்கிறது. இரண்டையும் குழந்தைகள் கேட்கட்டும். தீர்ப்பு வழங்க வேண்டிய அவசரம் நமக்கில்லை.

கருங்கல், ஆசிரியை: இரண்டு பருவமழையும் பெய்யும் மாவட்டத்தில் வெளிப்புற வகுப்புக்கு நாள் குறிப்பதே கடினமாக இருக்கிறதே?

மாவட்டம் முழுவதும் ஒரே அளவில் மழை பெய்வதில்லை என்பதைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள். தென்மேற்குப் பருவத்தில் விளவங்கோடு, கல்குளம் பக்கம் அடைமழை பெய்யும் அதே நாளில், ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்று மட்டும் பலமாக வீசிக்கொண்டிருக்கும். ஜூன் முதல் செப்டம்பர் வரை முப்பந்தல் பகுதியில் காற்றாலைகளையும் காற்றையும் பாடமாக்கலாம். அக்டோபர், நவம்பரில் பிற்பகல் இடிமழை வழக்கம் என்பதால் நண்பகலுக்குள் முடியும் நிகழ்ச்சிகளை மட்டும் வையுங்கள். மின்னலுக்கும் இடியோசைக்கும் இடையே முப்பது விநாடிக்குக் குறைவாக இருந்தால் உடனே கட்டடத்துக்குள் போய்விட வேண்டும். கடைசி இடியோசை கேட்டு அரை மணி நேரம் கழியும்வரை வெளியே வரக்கூடாது.

ராஜாக்கமங்கலம், பெற்றோர்: கடற்கரைக்கு அழைத்துச் செல்வதாகப் பள்ளியிலிருந்து இசைவுக் கடிதம் கேட்டிருக்கிறார்கள். கையெழுத்திட எனக்கு அச்சமாக இருக்கிறது.

உங்கள் அச்சம் சரியானது. கேள்விகள் கேட்டபிறகு கையெழுத்திடுங்கள். 2024 மே மாதத்தில் கணபதிபுரம் அருகே லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் ஐந்து பேர் அலையில் சிக்கி உயிரிழந்தது உங்களுக்கு நினைவிருக்கும். கள்ளக்கடல் எச்சரிக்கை நடப்பில் இருந்த நாள் அது. இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில் வீசும் பலத்த காற்றால் எழும் நீண்ட அலைகள் சில நாள்கள் பயணம் செய்து நம் கரையை அடைகின்றன. இங்கே காற்றும் இருக்காது, மழையும் இருக்காது, வானம் தெளிந்திருக்கும், ஆனாலும் கடல் திடீரெனக் கரையேறிவிடும். பார்த்தால் அமைதியாகத்தானே இருக்கிறது என்று சொல்லும் ஒருங்கிணைப்பாளரிடம் குழந்தையை ஒப்படைக்காதீர்கள்.

ஐதராபாத்திலுள்ள இந்தியக் கடல்சார் தகவல் சேவை மையமான இன்காய்ஸ் வெளியிடும் எச்சரிக்கையை முந்தைய நாள் மாலையிலும் அன்று காலையிலும் யார் பார்க்கப்போகிறார், எச்சரிக்கை இருந்தால் மாற்று இடம் எது, குழந்தைகள் நீரில் கால் நனைக்க அனுமதி உண்டா, உள்ளூர் மீனவர் ஒருவர் உடன் இருப்பாரா என்ற நான்கையும் பள்ளியிடம் கேளுங்கள். மூன்றாவது கேள்விக்கு உண்டு என்று பதில் வந்தால் கையெழுத்திட வேண்டாம். கரையில் சிப்பி, நண்டு வளை, மணலின் நிறம், அலை விட்டுச்சென்ற குப்பையின் கோடு எனப் படிக்க வேண்டிய அனைத்தும் ஈர மணலுக்கு மேலேயே இருக்கின்றன. பங்குனி ஆமைக் குஞ்சுகளை வனத்துறை கடலில் விடும் நாள்களில் செல்வதாயின், குழந்தைகள் குஞ்சுகளைக் கையில் எடுக்கவும் விளக்கடித்துப் படமெடுக்கவும் கூடாது.

தூத்தூர், ஆசிரியர்: எங்கள் பிள்ளைகள் எல்லோரும் மீனவக் குடும்பத்தினர். கடலைப் பற்றி அவர்களுக்கு நாம் என்ன சொல்லிக் கொடுக்க இருக்கிறது?

மிகக் குறைவு, எனவே கேட்டுக்கொள்ளுங்கள். சாளை, நெத்திலி, அயிலை, கணவாய் எந்தெந்த மாதத்தில் எந்த மடியில் (வலையில்) விழுகிறது என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு ஓர் ஆண்டு நாள்காட்டி தயாரிக்கச் சொல்லுங்கள். நம் மாவட்டத்துக்கென ஒரு தனித்தன்மையும் உண்டு. விசைப்படகுகளுக்கான மீன்பிடித் தடைக்காலம் சின்னமுட்டம் உள்ளிட்ட கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலும், குளச்சல், முட்டம், தேங்காய்பட்டணம் உள்ளிட்ட மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரையிலும் நடைமுறையில் உள்ளது. ஒரே மாவட்டத்தில் இரண்டு தடைக்காலம் எதற்கு, மீனுக்கு அந்த எல்லைக்கோடு தெரியுமா என்று உங்கள் வகுப்பில் கேட்டுப் பாருங்கள். அந்த விவாதத்தை நடத்த உங்கள் பிள்ளைகளைவிடத் தகுதியானவர்கள் இல்லை. வாய்ப்பிருந்தால் நாகர்கோவில் பள்ளி ஒன்றின் மாணவர்களை அழைத்து, உங்கள் பிள்ளைகளையே அவர்களுக்கு ஆசிரியர்களாக்குங்கள்.

குலசேகரம், ஆசிரியர்: காளிகேசம், கீரிப்பாறை போன்ற வனப்பகுதிகளுக்கு அனுமதி பெறுவது எப்படி?

நாகர்கோவிலிலுள்ள மாவட்ட வன அலுவலருக்குத் தலைமையாசிரியர் கையொப்பத்துடன் விண்ணப்பம் தர வேண்டும். கல்வித் துறையின் அனுமதியும் பெற்றோரின் இசைவும் தனியே வேண்டும். கன்னியாகுமரி கானுயிர் சரணாலயம் யானைகளின் வாழிடம். ஆகவே வனத்துறையினர் உடன் வராமல் ஒரு வளைவைக்கூடக் கடக்க வேண்டாம். ஆறாம் வகுப்புக்குக் கீழ் காடு தேவையில்லை என்பது என் எண்ணம்.

பூதப்பாண்டி, மேல்நிலைப் பள்ளி ஆசிரியை: பழையாற்றை வைத்துப் பதினோராம் வகுப்புக்கு ஏதேனும் செயல்திட்டம் அமைக்க முடியுமா?

உங்களுக்கு வாய்த்திருப்பதைப் போன்ற இடம் மற்றப் பள்ளிகளுக்கு வாய்க்காது. உங்கள் ஊரில் ஓடும் அதே ஆறு நாகர்கோவில் விளிம்பிலுள்ள ஒழுகினசேரியைக் கடந்து, சுசீந்திரத்தைத் தொட்டு, மணக்குடியில் கடலில் கலக்கிறது. பூதப்பாண்டி, ஒழுகினசேரி, சுசீந்திரம் என்ற மூன்று இடங்களிலும் ஒரே நாளில், ஒரே முறையில் நீரெடுத்து ஒப்பிடச் சொல்லுங்கள். வெப்பநிலை, கண்ணாடிப் புட்டியில் தெளிவு, மணம் ஆகியவற்றோடு நீரடிச் சேற்றிலும் கல்லடியிலும் வாழும் சிற்றுயிர்களையும் பாருங்கள். நீரின் நலத்தை ஒரு முறை எடுத்த நீர்மாதிரி சொல்வதைவிட இந்தச் சிற்றுயிர்கள் நம்பகமாகச் சொல்லும், ஏனெனில் அவை அங்கேயே வாரக்கணக்கில் வாழ்ந்திருக்கின்றன. வாலில் மூன்று இழை கொண்ட மே பூச்சியின் இளம்பருவம் கல்லடியில் இருந்தால் நீரில் உயிர்வளி (ஆக்சிஜன்) நன்றாக இருக்கிறது என்று பொருள். அலங்கார மீன் கடைகளில் ‘பிளட் வார்ம்’ என்று விற்கப்படும் சிவப்புப் புழு மட்டுமே மிகுந்திருந்தால் கழிவு கலந்திருக்க வாய்ப்பு அதிகம். அதன் உடலிலுள்ள ஹீமோகுளோபின்தான் உயிர்வளி குறைந்த சேற்றிலும் அதைப் பிழைக்க வைக்கிறது.

மாணவர்கள் ஆற்றில் இறங்கக் கூடாது. கயிறு கட்டிய வாளியால் பெரியவர்களே நீரையும் சேற்றையும் எடுத்துத் தர வேண்டும். கையுறை, சோப்பு, நல்ல தண்ணீர் ஆகியவற்றை எடுத்துச் செல்லுங்கள். கையிலோ காலிலோ காயம் உள்ளவர்கள் அன்று குறிப்பெடுக்கும் பணியை மட்டும் செய்யட்டும். எலிக்காய்ச்சல் கிருமி அந்தக் காயத்தின் வழியாக எளிதில் நுழையும். பருவமழைக்கு முன் ஒரு முறையும் பின் ஒரு முறையும் செய்தால், வெள்ளம் ஆற்றைக் கழுவிவிடுகிறதா, புதிய கழிவைக் கொண்டுவருகிறதா என்ற நல்ல வாதத்துக்குப் பொருள் கிடைக்கும்.

மார்த்தாண்டம், பசுமைப் படைப் பொறுப்பாசிரியர்: நெகிழி அகற்றும் முகாம் சூழல் கல்வியாகாதா?

அள்ளியதை வகை பிரித்து, எண்ணி, எந்தப் பொருள் எங்கிருந்து வந்தது என்று எழுதினால் ஆகும். பதாகை பிடித்துப் படமெடுத்துவிட்டு மூட்டையைச் சாலையோரம் வைத்துவிட்டு வந்தால் ஆகாது.

அகஸ்தீஸ்வரம், ஆசிரியர்: பாம்பு கடித்துவிட்டால் என்ன செய்வது?

கடிபட்ட காலை அசையாமல் வைத்து, குழந்தையை நடக்க விடாமல் 108 ஊர்தியையோ கிடைக்கும் வண்டியையோ கொண்டு அருகிலுள்ள அரசு மருத்துவமனைக்குச் செல்லுங்கள்; நாகர்கோவில் பக்கமென்றால் ஆசாரிபள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. இறுக்கிக் கட்டுவது, கீறுவது, உறிஞ்சுவது, பாம்பைத் தேடி அடிப்பது எதுவும் வேண்டாம். பயணத்துக்கு முன்பே அந்த மருத்துவமனைக்கான வழியை ஓட்டுநருக்குச் சொல்லி வைத்திருக்க வேண்டும்.

தோவாளை, தலைமையாசிரியை: எங்கள் பள்ளியில் சக்கர நாற்காலியில் வரும் மாணவி ஒருத்தி இருக்கிறாள். மற்ற மாணவிகளும் கழிப்பறை இல்லாத இடமென்றால் வரத் தயங்குகிறார்கள்.

இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போதே இவ்விரண்டையும் முதல் இரண்டு நிபந்தனைகளாக வையுங்கள். இடத்தை முடிவு செய்துவிட்டுப் பிறகு இவற்றுக்கு வழி தேடினால் அந்த மாணவி வீட்டில்தான் இருப்பாள். குளத்தின் எந்தக் கரையில் தார்ச்சாலை ஒட்டிச் செல்கிறதோ அங்கேயே முழு வகுப்பும் நிற்கட்டும், மற்றவர்கள் மட்டும் இறங்கிப் போகும் ஏற்பாடு வேண்டாம். கழிப்பறைக்கு அருகிலுள்ள பள்ளி ஒன்றின் தலைமையாசிரியரிடம் பேசினால் பெரும்பாலும் மறுப்பதில்லை. முந்தைய வாரம் இடத்தைப் பார்க்கச் செல்லும்போது ஓர் ஆசிரியை கட்டாயம் உடன் செல்ல வேண்டும். ஆண்கள் மட்டும் சென்று பார்த்துவிட்டு வசதி எல்லாம் உண்டு என்று சொல்வதை நான் ஏற்றுக்கொள்வதில்லை.

குழித்துறை, ஆசிரியர்: திரும்பி வந்தபின் அறிக்கையோடு முடித்துவிடுகிறோம். வேறு என்ன செய்யலாம்?

பார்த்த பறவைகளின் எண்ணிக்கையை பறவைப் பதிவுகளுக்கான இணையதளமான இ-பேர்டில் ஆசிரியரின் கணக்கில் பதிவேற்றுங்கள். பொங்கல் விடுமுறையில் நடைபெறும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பில் மாணவர்கள் தங்கள் வீட்டு விளையிலிருந்தே (தோட்டத்திலிருந்தே) பங்கேற்கலாம். பள்ளி வளாகத்திலுள்ள அயினி, மா, புன்னை என ஏதேனும் ஒரு மரத்தை ஒவ்வொரு குழுவுக்கும் கொடுத்து, துளிர், பூ, காய் வரும் வாரங்களைக் குறிக்கச் செய்தால் பேருந்துக் கட்டணமே இல்லாமல் ஆண்டு முழுவதும் வகுப்பு நடக்கும். அந்தக் குறிப்பேட்டை அடுத்த ஆண்டு வரும் வகுப்புக்கு அப்படியே கைமாற்றுங்கள். அவர்கள் புதிய ஏட்டைத் தொடங்காமல் அதே ஏட்டின் அடுத்த பக்கத்திலிருந்து எழுதட்டும்.