மைக்கீனஸ் வீட்டு விவகாரங்கள்: கேள்வி பதில்

முதல் ரோமப் பேரரசர் அகஸ்டஸ் காலத்து ரோமாபுரியில் வர்ஜில், ஹோரஸ் போன்ற கவிஞர்களை ஆதரித்த பெரும் பணக்காரர் கையஸ் மைக்கீனஸ். கலைஞர்களை ஆதரிக்கும் செல்வந்தரை இத்தாலியிலும் பிரான்சிலும் இன்றும் இவர் பெயராலேயே குறிப்பிடுகிறார்கள். அவரைப் பற்றிக் கேட்டவர்களுக்கு என் பதில்கள் இதோ.

கேள்வி: ஹோரஸ் இவரை "அரசர் வழி வந்தவரே" என்கிறாரே, உண்மையிலேயே ராஜ வம்சமா? அல்லது காசு வாங்கிய கவிஞரின் ஐஸா?

ஐஸ் கொஞ்சம் உண்டு. ஆனால் ஆதாரமில்லாத ஐஸ் இல்லை. இவருடைய பூர்வீகம் அரேடியம், இன்றைய அரேஸ்ஸோ. அங்கே கில்னி என்ற எட்ரஸ்கக் (ரோமருக்கு முந்தைய இத்தாலிய இனம்) குடும்பம் பெரும் செல்வாக்கோடு இருந்தது. அவர்களுடைய பணத்தைப் பார்த்து வயிறெரிந்த ஊரார் கி.மு. 302 வாக்கில் ஆயுதம் தூக்கி விரட்டப் பார்த்ததாக வரலாற்றாசிரியர் லிவி எழுதுகிறார். மைக்கீனஸுக்குத் தாய் வழியில் இந்தக் குடும்பத் தொடர்பு என்பது பொதுவான கருத்து. இந்தக் குலப்பெருமையை வைத்து அகஸ்டஸே ஒரு கடிதத்தில் "கில்னி குலத்து மரகதமே" என்று அவரைச் சீண்டியிருக்கிறார்.

கேள்வி: இவ்வளவு செல்வாக்கு இருந்தும் ஏன் செனட்டர் ஆகவில்லை?

வேண்டாம் என்று இருந்துவிட்டார். செனட்டருக்கு அடுத்த படியான குதிரைவீரர் வகுப்பிலேயே கடைசிவரை இருந்தார். பதவி இல்லையே தவிர அதிகாரம் இருந்தது. கி.மு. 40இல் அகஸ்டஸின் போட்டியாளரான ஆண்டனியோடு சமரசம் பேசியவர்களில் ஒருவர் இவர். ஸ்க்ரிபோனியா என்ற பெண்ணை அகஸ்டஸுக்கு மணம் பேசி முடித்ததும் இவரே. கி.மு. 31இல் அகஸ்டஸ் ஆண்டனியை எதிர்த்து ஆக்டியம் போருக்குப் போனபோது ரோமாபுரியைப் பார்த்துக்கொண்டார்.

எனக்குப் பிடித்த சம்பவம் ஒன்று வரலாற்றாசிரியர் காசியஸ் டியோவின் நூலில் இருக்கிறது. அகஸ்டஸ் ஒருநாள் நீதி விசாரணையில் உட்கார்ந்து வரிசையாக மரண தண்டனை விதிக்கும் மனநிலையில் இருந்தார். கூட்டத்தைத் தாண்டி மைக்கீனஸால் கிட்டே போக முடியவில்லை. ஒரு பலகையில் "போதும், எழுந்திரு கொலைகாரா" என்று எழுதி அவர் மடியில் விழும்படி வீசினார். அகஸ்டஸ் பேசாமல் எழுந்து போய்விட்டார். பதவிக்கு ஆசைப்படாத ஒருவரால்தான் இப்படிச் செய்ய முடியும் என்பது என் எண்ணம்.

கேள்வி: மனைவி விஷயத்தில் அவமானப்பட்டார் என்கிறார்களே?

மனைவி தெரென்ஷியா பேரழகி. இருவருக்கும் ஓயாத சண்டை. பிரிவதும் சேர்வதுமாகவே காலம் போயிற்று. ஒரே மனைவியை ஆயிரம் முறை கட்டிக்கொண்டவர் என்று தத்துவஞானி செனகா நக்கலடிக்கிறார். இது போதாதென்று அகஸ்டஸுக்கும் தெரென்ஷியாவுக்கும் தொடர்பு என்று ஊரே பேசியது. கி.மு. 16இல் அகஸ்டஸ் கால் (Gaul, இன்றைய பிரான்ஸ் பகுதி) நாட்டுக்குக் கிளம்பியதற்கே அவள்தான் காரணம் என்ற வதந்தியையும் டியோ பதிவு செய்கிறார். வதந்தி வதந்திதான், அதற்குமேல் அதில் எடை வைக்க வேண்டாம்.

உண்மையான அடி வேறிடத்திலிருந்து வந்தது. கி.மு. 22 வாக்கில் அகஸ்டஸைக் கொல்லச் சதி செய்ததாகத் தெரென்ஷியாவின் சகோதரர் முரேனா மாட்டினார். சதி அம்பலமான ரகசியத்தை மைக்கீனஸ் மனைவியிடம் சொல்லிவிட்டார். முரேனா தப்பவில்லை, கொல்லப்பட்டார். மைக்கீனஸ் வாயைக் கட்டவில்லை என்று அகஸ்டஸுக்கு வருத்தம் என்கிறார் அகஸ்டஸின் வரலாற்றை எழுதிய சூட்டோனியஸ். மச்சான் உயிரா, நண்பனின் நம்பிக்கையா என்ற இடத்தில் மனிதர் தடுமாறிவிட்டார். அதற்காக அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

கேள்வி: பிள்ளைகள்?

இல்லை. ஆனால் மெலிஸ்ஸஸ் கதையைச் சொல்லாமல் விட முடியாது. இத்தாலியின் ஸ்பொலேட்டியம் ஊரில் சுதந்திரக் குடும்பத்தில் பிறந்த குழந்தை. தாய் தகப்பன் சண்டையில் வீதியில் விடப்பட்டது. எடுத்து வளர்த்தவர் நன்றாகப் படிக்கவைத்து, மைக்கீனஸுக்கு அடிமையாகக் கொடுத்தார். பின்னால் தாய் வந்து "இவன் சுதந்திரன்" என்று வாதாடியும், மைக்கீனஸ் தன்னை நண்பனைப் போல நடத்துகிறார் என்று சொல்லி அவரிடமே இருந்துவிட்டான். சீக்கிரமே விடுதலை கிடைத்தது. அப்புறம் அகஸ்டஸ் அவரை ஒரு நூலகத்தை ஒழுங்குபடுத்தவே அமர்த்தினார்.

கேள்வி: கவிஞர்களைக் காசு கொடுத்து வாங்கினார் என்றுதானே சொல்ல வேண்டும்?

அரசியல் லாபம் இருந்தது, மறுக்கவில்லை. வர்ஜில் உழவு பற்றிய தன் நெடுங்கவிதையை இவருக்கே அர்ப்பணித்தார். ஆனால் ஹோரஸைப் பாருங்கள். விடுதலை பெற்ற அடிமையின் மகன், அதுவும் பிலிப்பி போரில் அகஸ்டஸுக்கு எதிரணியில் போரிட்டவர். வர்ஜில் அறிமுகம் செய்ததும் மைக்கீனஸ் இரண்டு வார்த்தை பேசி அனுப்பிவிட்டு, ஒன்பது மாதம் கழித்துத்தான் கூப்பிட்டார். பிறகு சபைன் மலைப்பகுதியில் ஹோரஸுக்கு ஒரு பண்ணை அமைந்தது. மைக்கீனஸ் தந்தது என்பதே பொதுவான முடிவு.

அதே ஹோரஸ், ரோமாபுரிக்கு வரச் சொல்லி மைக்கீனஸ் வற்புறுத்தியபோது என்ன எழுதினார் தெரியுமா? தானியக் கூடைக்குள் ஒல்லியாக நுழைந்து, தின்று கொழுத்து, வெளியே வர முடியாமல் தவித்த நரியின் கதையைச் சொல்லி, "இந்த உவமை எனக்குத்தான் என்றால் வாங்கிய எல்லாவற்றையும் திருப்பித் தருகிறேன்" என்றார். அதற்குப் பிறகும் நட்பு அறுந்து போகவில்லை.

கேள்வி: சொத்தெல்லாம் என்ன ஆயிற்று?

ரோமாபுரியின் எஸ்குவிலின் குன்றில் ஏழைகளைப் புதைத்த இடுகாட்டை மண்ணிட்டு மூடித் தோட்டமாக்கி வாழ்ந்தவர். ரோமில் முதல் வெந்நீர் நீச்சல் குளம் கட்டியவரும் இவரே என்கிறார் டியோ. ஆனால் கடைசி மூன்று ஆண்டுகள் ஒரு மணி நேரத் தூக்கம்கூட இல்லை என்று ரோம எழுத்தாளர் பிளினி சொல்கிறார். கி.மு. 8இல் இறந்தார். சொத்து பெரும்பாலும் அகஸ்டஸுக்கே போனது.

"என்னை நினைப்பது போல் ஹோரஸையும் நினைவில் வை" என்று கடைசியாக அகஸ்டஸுக்கு எழுதிவைத்தார். ஆனால் நீங்கள் போகும் நாளில் நானும் கிளம்புவேன் என்று ஹோரஸ் முன்பே ஒரு பாட்டில் எழுதியிருந்தார். அதே ஆண்டு நவம்பர் 27இல் அவரும் போனார். எஸ்குவிலினில் மைக்கீனஸின் கல்லறைக்குப் பக்கத்திலேயே புதைத்தார்கள்.